நாலு நாள் மதுரை, ஒரு துட்டி வீடு

என் ஓரகத்தியை எனக்குப் பிடிக்காது. அவளுக்கும் என்னைப் பிடிக்காது. அவள் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. செத்தவர்களைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் அவளோடு ஒரே அடுப்படியில் ஒரு மழைக்காலம் இருந்து பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

அவள் என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. நான் மயிலாடும்பாறைப் பக்கம் மானாவாரிக் காட்டில் பிறந்தவள். பதினேழு வயதில் உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில், வீட்டுக்குப் பின்னாலேயே வாய்க்கால் ஓடுகிற ஊருக்கு வாக்கப்பட்டு வந்தேன். அவள் அந்த வீட்டுக்கு வந்து அப்போது எட்டு வருஷம் ஆகியிருந்தது. மாமியார் இல்லாத வீடு என்று சந்தோஷப்பட்டுக்கொண்டுதான் வந்தேன். மாமியார் செத்தாலும் அந்தப் பதவி சாகவில்லை என்பது வந்த மறுநாளே தெரிந்துவிட்டது. நெல் குதிர் இருந்த அறையின் சாவி அவள் இடுப்பில். நான் கூட்டிய வாசலை அவள் மறுபடி கூட்டுவாள். நான் வைத்த குழம்பை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, சரியாக இருந்தாலும் ஒரு கல் உப்பு கூடப் போடுவாள். நான் பாத்திரம் கழுவ உட்கார்ந்தால், "மானாவாரியில பெறந்தவ தண்ணியச் செலவழிக்கிற அழகப் பாரு" என்பாள். என்னிடம் சொல்ல மாட்டாள், வாய்க்காலைப் பார்த்துச் சொல்வாள்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. அதை நான் வாய் திறந்து ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. ஊர் சொல்லிக் காட்டியது. கல்யாண வீட்டில் ஆலத்தி எடுக்க ஆள் தேடும்போது அவள் தானாகவே எழுந்து அடுப்படிக்குள் போய்விடுவாள். வளைகாப்புக்குப் போனால் கடைசியில் சுவரோரமாக நிற்பாள். எனக்கு அப்போது அதெல்லாம் திமிராகத்தான் தெரிந்தது.

போடிக்கு ரயில் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. தை மாதம் மாமனாருக்கு மலைக்காய்ச்சல் வந்தது. மேகமலையில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்த ஒருவரைப் பார்க்கப் போனவர் குளிரோடு திரும்பினார். இரண்டு மாதம் கட்டிலோடு கிடந்தார். கஞ்சி வைப்பது, கஷாயம் கொடுப்பது, போர்வையை அலசுவது என்று நானும் அவளும் மாறி மாறிப் பார்த்தோம். அவர் எழுந்து நடமாடத் தொடங்கியபோது நாங்கள் இருவரும் எலும்பும் தோலுமாக இருந்தோம். அவர் கல் மாதிரி மனிதர். யாருக்கும் ஒரு நாள் ஓய்வு கொடுத்தவரில்லை. அவர் ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுச் சொன்னார்:

"நீக ரெண்டு பேரும் ஓஞ்சு போனீக ஆத்தா. அறுப்பு முடிஞ்சிருச்சு. தண்ணி தெறக்குற வரைக்கும் வயல்ல வேல கெடையாது. மதுரைக்குப் போயி மீனாச்சிக்கு என் நேர்த்திக்கடனச் செலுத்திட்டு, நாலு நாள் காலை நீட்டி ஒக்காந்துட்டு வாங்க."

நான் அதுவரை உசிலம்பட்டியைத் தாண்டியதில்லை. காலை நீட்டி உட்காருவது என்ற பேச்சே எனக்குப் புதிது. அன்றைக்கே மனசுக்குள் நாலு நாளுக்கும் திட்டம் போட்டுவிட்டேன். சூரியன் வந்த பிறகுதான் எழுந்திருப்பேன். கிளப்புக்கடையில் வேறு யாரோ சுட்ட இட்லியைத் தின்பேன். நாயக்கர் மகாலில் ஒரு தூணைக் கட்டிப்பிடித்து, கை எட்டுகிறதா என்று பார்ப்பேன். ஒரு நாள் முழுக்க அழகர்கோயிலில் இருப்பேன். எங்கள் ஊருக்கு வருகிற வளையல்காரர் அந்த மலையைப் பற்றிச் சொல்லியிருந்தார். மேலே ஏறினால் வருஷம் பூராவும் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்குமாம், அதன் கீழே எவ்வளவு நேரம் நின்றாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்களாம். எவ்வளவு தண்ணீர் செலவழித்தாலும் கேட்பாரில்லை என்பது என் காதுக்குத் தேனாக இருந்தது. அதைவிடப் பெரிய விஷயம், அங்கே எங்களுக்குச் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை.

மதுரைக்குப் போவது நாங்கள் இருவரும், துணைக்கு என் வீட்டுக்காரரும் என்று முடிவானது. அவளுடைய புருஷன் அப்பாவையும் மாடுகளையும் பார்த்துக்கொள்ள ஊரிலேயே இருப்பார். அடுத்த நாள் மத்தியானம் பட்டாசாலையில் உட்கார்ந்து, ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் என் வீட்டுக்காரர் பென்சிலால் நாலு கட்டம் போட்டார். முதல் நாள் ரயில், சத்திரம். இரண்டாம் நாள் கோயில், புதுமண்டபம், மகால். மூன்றாம் நாள் அழகர்கோயில். நாலாம் நாள் தெப்பக்குளம், பிறகு ரயில். இரண்டாம் நாள் சாயங்காலம் தனக்கென்று ஒரு பேசும்படத்தையும் நுழைத்துக்கொண்டார். நான் கதவோரத்தில் நின்று ஒவ்வொரு கட்டத்துக்கும் தலையாட்டினேன். அவள் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாளில் மதுரையிலிருந்து அவளுடைய தம்பியின் கடிதம் வந்தது. அவர் அங்கே பஞ்சாலையில் வேலை பார்த்தார். தாய் இல்லாமல் அவள் தூக்கி வளர்த்த தம்பி. அவருக்குப் பெண் பிள்ளை பிறந்திருந்தது, மனைவிக்குத் தாய்வீடும் மதுரையிலேயே. பிள்ளையைத் தொட்டிலில் போட்டுப் பேர் வைக்க நாள் பார்த்திருந்தார்கள். அது நாங்கள் போகிற நாலு நாளில் சரியாக மூன்றாவது நாளில் விழுந்தது. தொட்டிலில் கிடத்துவதும், காதில் மூன்று தரம் பேரைச் சொல்வதும் பிள்ளையின் அத்தை செய்ய வேண்டியது. பிள்ளை பெறாதவளை அந்தக் காரியத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். தம்பி கூப்பிட்டிருந்தார். என் வீட்டுக்காரர் கடிதத்தை வாசித்தார்: "அக்கா வந்துதான் தொட்டிலில் போட வேண்டும். நீ வருகிற வரைக்கும் பிள்ளைக்குப் பேர் இல்லை."

அவள் அதை மூன்று தரம் வாசிக்கச் சொன்னாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அப்புறம் கடிதத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போனாள். குதிர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் அழுததை நான் கேட்டேன். நான்கு வருஷத்தில் அவள் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

எனக்கு என்ன நடந்தது என்றால், பென்சில் எடுத்து அழகர்கோயிலை அடித்தார்கள். அந்தக் கட்டத்தில் 'தொட்டில்' என்று எழுதினார்கள்.

"நாலாம் நாள் போகலாமே" என்றேன், என் வீட்டுக்காரரைப் பார்த்து.

மாமனார் கட்டிலிலிருந்து குரல் கொடுத்தார். "நாலாம் நாளு துட்டி இருக்குல்ல."

அதை எல்லாரும் மறந்திருந்தோம். மாமனாருக்குப் பெரியப்பா மகள் ஒருத்தி மதுரையில் தெற்குவாசல் பக்கம் இருந்தாள். அவளுடைய புருஷன் தை மாதக் கடைசியில் இறந்துபோனார். இங்கே மாமனார் காய்ச்சலில் கிடந்ததால் எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. மதுரைக்குப் போகிறவர்கள் அந்தத் துட்டியைக் கேட்காமல், துக்கம் விசாரிக்காமல் திரும்பினால் உறவே அறுந்து போகும்.

எங்கள் பக்கத்தில் துட்டி கேட்கப் போவதற்கு முறை உண்டு. போனால் அழுதுவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து, நேரே வீட்டுக்கு வந்து தலை முழுக வேண்டும். நடுவில் இன்னொரு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. குளித்த பிறகு கோயிலுக்குப் போகலாம், சாமியை ஒன்றும் செய்யாது என்பார்கள். பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டுக்குள் மட்டும், சொந்த வீடு போய்ச் சேர்ந்து ஒரு பொழுதாவது கழியாமல் நுழையவே கூடாது.

"சத்திரத்துல குளிச்சா ஆகாதா மாமா?" என்று கேட்டேன். "நாலு நாளைக்குச் சத்திரந்தானே வீடு?"

மாமனார் அதை யோசித்தார். அவருக்கு இந்த மாதிரிச் சட்டங்களில் மிகவும் ருசி. சத்திரத்தில் நமக்கு அடுப்பு உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அடுப்பில்லாத இடம் வீடாகாது என்று தீர்ப்புச் சொன்னார். ஆகவே துட்டி கடைசி நாள் மத்தியானம். அங்கிருந்து நேரே ரயில், ரயிலிலிருந்து நேரே வீடு.

அதோடு முடியவில்லை. மதுரைக்கு வந்துவிட்டு, துட்டி வீட்டுக்காரர் கண்ணில் பட்டுவிட்டால், அந்த நிமிஷமே அவர்களோடு போயாக வேண்டும். துக்கம் கேட்க வந்தவர்கள் ஊர் சுற்றிக்கொண்டிருந்தார்கள் என்று பேச்சு வந்தால் மாமனாருக்குத் தலை குனிவு. அதனால் அந்த நாலு நாளும் அவர்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். என் ஓரகத்தி அந்தப் பத்திரிகையைத் தன் முன்னால் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இடத்தையும் என் வீட்டுக்காரரிடம் விசாரித்தாள். "மகாலு எந்தப் பக்கம் கொழுந்தனாரே?" தெற்குவாசலுக்குப் போகிற வழியில் என்றார். "அப்ப மகாலு வேணாம்." அதையும் அடித்தார்கள். நாங்கள் மதுரையைப் பார்க்கப் போகிறோமா, மதுரையில் கன்னம் வைக்கப் போகிறோமா என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது. கட்டங்களில் கோயில் இருந்தது, புதுமண்டபம் இருந்தது, அவருடைய பேசும்படம் பத்திரமாக இருந்தது. என்னுடையது என்று ஒன்றும் இல்லை.

பங்குனி வெயிலில் உத்தமபாளையத்தில் பஸ் ஏறி, தேனியில் ரயில் ஏறினோம். ஆண்டிபட்டிக் கணவாய் வரும்போது ஜன்னல் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். "கரி கண்ணுல விழும், தள்ளி ஒக்காரு" என்று சொல்லி அவள் உட்கார்ந்தாள். மடியில் ஒரு மூட்டை. அவளுடைய கல்யாணச் சேலையில் ஒரு பாதியைக் கிழித்துத் துவைத்து, தொட்டிலுக்கென்று மடித்து வைத்திருந்தாள். மதுரை வரைக்கும் அதை என்னிடம் ஒரு தடவையும் கொடுக்கவில்லை.

சத்திரத்தில் விடியற்காலையிலேயே எழுப்பிவிட்டாள். குழாயடியில் கூட்டம் சேருமாம். கிளப்புக்கடை இட்லி வேண்டாம், யார் யார் கை பட்டதோ என்று ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளியோதரையை அவிழ்த்தாள். கோயிலில் மாமனாரின் நேர்த்திக்கடனைச் செலுத்தினோம். அம்மன் சந்நிதியில் அவள் நெடுநேரம் நின்றாள். நான் பின்னால் நின்று, கால் மாற்றிக் கால் மாற்றி வைத்தேன். புதுச் செருப்பு கடித்து இரண்டு குதிகாலும் தோல் உரிந்திருந்தது.

அங்கிருந்து எதிரே புதுமண்டபத்துக்குப் போனோம். பேசும்படத்துக்குச் சீட்டு வாங்கிவிட்டு வருகிறேன் என்று என் வீட்டுக்காரர் கழன்றுகொண்டார். கல் தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல்காரர்களும் வளையல் கடைகளும் பாத்திரக் கடைகளும். அவள் ஒரு வளையல் கடையில் குத்தவைத்து உட்கார்ந்தாள். பச்சைப் பிள்ளைக்குக் கருவளையல் பார்த்தாள். ஒரு ஜோடியை எடுப்பாள், தன் சுண்டு விரலிலும் மோதிர விரலிலும் சேர்த்து மாட்டிப் பார்ப்பாள், வைப்பாள், மறுபடி எடுப்பாள். ஒரு கிலுகிலுப்பையைக் காதருகே ஆட்டிப் பார்த்தாள். அவள் முகம் அன்றைக்கு வேறு மாதிரி இருந்தது. சிரித்தால் அவளுக்குக் கன்னத்தில் குழி விழும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அதைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அவளுக்கு எல்லாம் கிடைக்கிறது, எனக்குக் குதிகாலில் புண் கிடைத்திருக்கிறது.

கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம் என்று கேட்டேன். "அக்கா, நாளைக்கு ஒங்கள ஒங்க தம்பி வீட்டுல விட்டுட்டு, நானும் அவுகளும் அழகர்கோயில் போயிட்டு வந்துரவா? சாயங்காலம் வந்து கூட்டிக்கிருவோம்."

அவள் வளையலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "ஆகாது. நீ என் கூடத்தான் வரணும். நான் ஒத்தையா அந்த வாசல்ல ஏற மாட்டேன்."

இப்போது எழுதும்போது அந்தப் பேச்சில் இருந்த பயம் எனக்குக் கேட்கிறது. நிறைந்த வீட்டில், இத்தனை தாய்மார்கள் நடுவில், தனியாகப் போய் நிற்க அவளுக்கு நடுக்கம். பக்கத்தில் நம்ம வீட்டு ஆள் ஒருத்தி வேண்டும், அது நானாக இருந்தாலும் சரி. அன்றைக்கு எனக்கு அது கேட்கவில்லை. ஆகாது என்ற ஒரு சொல்தான் கேட்டது. அந்தச் சொல்லை நான்கு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அவரைப் பார்த்தேன். செத்துப்போனவருடைய மகன். மொட்டையில் இரண்டு மாத முடி முளைத்து, தோளில் துண்டோடு, இரண்டு தூண் தள்ளி ஒரு தையல்காரரிடம் என்னவோ பேசிவிட்டு நடந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவளும் பார்த்துவிட்டாள். சட்டென்று முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

"திரும்பாத. இங்கன குனி."

நான் குனிந்திருந்தால் போதும். பத்து எட்டு நடந்தால் அவர் வெளியே போயிருப்பார்.

"அண்ணே!" என்று கூப்பிட்டேன்.

தெரிந்தேதான் கூப்பிட்டேன். வாய் தவறி வந்துவிட்டது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தவறி வந்த குரல் அவ்வளவு சத்தமாக இருக்காது. கூட்டத்தில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் வந்தார். முதலில் என்னைப் பார்த்தார், அப்புறம் அவள் கையிலிருந்த கிலுகிலுப்பையைப் பார்த்தார்.

"எப்ப வந்தீக?"

"நேத்துண்ணே" என்றேன்.

"எங்கப்பா செத்ததுக்கு ஒங்க வீட்டுலருந்து ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. வளையல் வாங்குறதுக்கு மட்டும் மதுரைக்கு வழி தெரிஞ்சிருச்சாக்கும்?"

அவள் எழுந்து நின்றாள். "மாமாவுக்கு ரெண்டு மாசமாக் காச்சல்ணே. நாங்க நாளைக் கழிச்சு வாரதாத்தான் இருந்துச்சு. மாமாதான் அப்படிச் சொல்லி விட்டாக. நாளைக் கழிச்சு மத்தியானம் கட்டாயம் வாரோம்."

"அப்ப இன்னிக்கு ஒங்களப் பாக்கலன்னு எங்கம்மாகிட்டப் பொய் சொல்லவா? நடங்க. வந்து அவ மொகத்தப் பாத்துட்டு அப்புறம் ஊரு சுத்துங்க."

அதற்கு மேல் பேச இடமில்லை. வீட்டு மூத்த மருமகள் அவள், மாமனாரின் பேர் அவள் கையில். கருவளையலையும் கிலுகிலுப்பையையும் கடைக்காரரிடமே கொடுத்து, நாளைக்கு ஆள் வந்து வாங்கிக்கொள்ளும், பத்திரமாக வைத்திருங்கள் என்றாள். துட்டி வீட்டுக்குள் அவை போகக் கூடாதே. அப்புறம் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்து நானும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் திரும்பி நடந்தாள்.

துட்டி வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து அழுவது வழக்கம். நான் முறைக்கு அழுதேன். அவள் அந்தக் கிழவியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுத அழுகை இருக்கிறதே, சுற்றி இருந்தவர்கள் தங்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். அந்தக் கிழவியே அவள் முதுகைத் தடவி, "போதும் தாயி, போதும். பெத்த பிள்ளைகூட இப்படி அழுகல" என்று தேற்ற வேண்டியதாகிவிட்டது. மகனும் கோபம் தணிந்து, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். எதற்காக அழுகிறாள் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியும்.

சத்திரத்துக்கு வந்து தலை முழுகினோம். பேசும்படச் சீட்டோடு வந்த என் வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, "குளிச்சாச்சுல்ல மதினி. நாளைக்குப் போங்க. யாருக்குத் தெரியப் போகுது?" என்றார்.

நானும் சொன்னேன். இவ்வளவுக்கும் அப்புறம் அவள் போய்விட்டால் எனக்கும் நிம்மதிதான். "ஆமாக்கா, நாங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டோம்."

ஈரத் தலையோடு அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "பிள்ளை பெறாதவ தூக்கிப் போட்ட பிள்ளைக்கு நாளைக்கு ஒரு தும்மல் வந்தாலும் என்னத்தான் சொல்லுவாக. அதுகூடப் பரவால்ல. துட்டி வீட்டுலருந்து வந்து தூக்குனேன்னு எனக்குத் தெரியுமே. தும்மல் வர்ற அன்னிக்கெல்லாம் நானே என்னச் சொல்லுவனே."

மறுநாள் காலையில் மூன்று பேரும் அவளுடைய தம்பி வீட்டுத் தெருவுக்குப் போனோம். வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, எதிர்ச் சாரியில் ஒரு வேப்ப மரம் இருந்தது. அவள் அங்கேயே நின்றுகொண்டாள். என் வீட்டுக்காரர் வளையல் கடையில் வாங்கி வந்த பொட்டலத்தோடு உள்ளே போனார். தம்பி வெளியே ஓடி வந்தார், புது வேட்டியில் மஞ்சள் தண்ணீரோடு.

"நீ வாக்கா. நான் பாத்துக்கிறேன். எவன் கேப்பான்?"

"கிட்ட வராத. நீயும் பிள்ளையத் தூக்குவ."

அவர் கெஞ்சினார். ஒரு ஆண்பிள்ளை நடுத்தெருவில் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அவள் அசையவில்லை. நேரம் தவறுகிறது என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அவர் போனார். பிள்ளையின் தாய்மாமன் மனைவியும் அத்தை முறைதான், அவள் தொட்டிலில் போடுகிறாள் என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். கொஞ்ச நேரத்தில் குலவைச் சத்தம் கேட்டது. இவள் கழுத்தை நீட்டி, தலையைச் சாய்த்து நின்றாள்.

"என்ன பேரு சொன்னாக? கேட்டுச்சா ஒனக்கு?" என்று என்னிடம் கேட்டாள். என்னிடம் அவள் ஆறுதல் கேட்கிற மாதிரிப் பேசியது என் வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான்.

குலவையில் பேர் அமுங்கிவிட்டது. எனக்கும் கேட்கவில்லை. இல்லை என்று தலையாட்டினேன்.

அவளுடைய கல்யாணச் சேலைப் பாதி அந்தத் தொட்டிலில் ஏறவில்லை. துட்டி கேட்டு வந்தவள் தங்கிய அறையில் இருந்த துணி என்று அவளே கொடுக்க மறுத்துவிட்டாள். அந்த வருஷமே தம்பி கோயம்புத்தூர்ப் பக்கம் வேறு ஆலைக்குப் போய்விட்டார். மாமியார் வீட்டார் மனம் கோணிப் போனதாகக் கேள்வி. போக்குவரத்துக் குறைந்து, அப்புறம் இல்லாமலே போயிற்று.

சத்திரத்துக்குத் திரும்பும்போது வெயில் இன்னும் ஏறவில்லை. முழு நாள் கையில் இருந்தது. என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி, சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பதிலாக அழகர்கோயிலுக்கு வண்டி பேசட்டுமா என்று கேட்டார். நான் குனிந்து குதிகால் புண்ணைப் பார்த்தேன்.

"கூட்டிட்டுப் போங்க கொழுந்தனாரே" என்றாள் அவள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்: "போயிட்டு வா. அதுக்குத்தானே கூப்பிட்ட."

போனேன். போகாமல் இருந்திருக்கலாம், போனேன். மலை ஏறி அந்தத் தண்ணீருக்குக் கீழே நின்றேன். வளையல்காரர் சொன்னது அத்தனையும் நிஜம். தண்ணீர் குளிர்ந்து, உடம்பு இலேசாகி, நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். எத்தனை நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் மாமனார் எல்லாவற்றையும் விசாரித்தார். புதுமண்டபத்தில் துட்டி வீட்டுக்காரர் பார்த்துவிட்டார், போக வேண்டியதாகிவிட்டது என்று மட்டும் அவள் சொன்னாள். யார் கூப்பிட்டது என்று சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லாமல் விட்டாள் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு அவளைத் தெரியாது. சொல்லியிருந்தால் ஒருநாள் ஏச்சுப் பேச்சோடு தீர்ந்திருக்கும். தீர அவள் விடவில்லை. அதற்காகவும் எனக்கு அவள்மேல் கோபம் உண்டு.

அதற்கு அடுத்த வருஷம் எனக்குப் பையன் பிறந்தான். முதல் பிரசவம் தாய்வீட்டில். மூன்றாம் மாதம் பிள்ளையோடு வந்தேன். எனக்குப் பத்தியச் சோறு ஆக்கிப் போட்டது, மருந்து இடித்தது, பிள்ளைத் துணி அலசியது எல்லாம் அவள்தான். என் அம்மாகூட அவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை. பிள்ளையை மட்டும் தூக்க மாட்டாள். தூக்கச் சொன்னால், "கை ஈரமா இருக்கு" என்பாள். அந்த வீட்டில் ஒரு பெண்ணுக்குக் கை ஈரமாக இருப்பதற்கு எந்த நேரமும் காரணம் இருக்கும். அதனால் நானும் ஆரம்பத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் மத்தியானம் நான் உரலில் மாவு இடித்துக்கொண்டிருந்தேன். பையன் தொட்டிலில் வீறிட்டு அழுதான். அவள் வேலையெல்லாம் முடித்துவிட்டு, முற்றத்து வெயிலில் சும்மா உட்கார்ந்திருந்தாள். கை இரண்டும் மடியில் கிடந்தன.

"அக்கா, அவனக் கொஞ்சம் தூக்குங்களேன்" என்றேன். கெஞ்சித்தான் கேட்டேன்.

அவள் மடியிலிருந்த இரண்டு கையையும் விரித்து, என் பக்கமாகத் திருப்பிக் காட்டினாள். வெயிலில் வெளுத்து, வறண்டு, ரேகை ரேகையாக வெடித்திருந்த கைகள்.

"கை ஈரமா இருக்கு" என்றாள்.